மூன்று தரம் கூப்பிட வேண்டிய பெயர்

வகுப்பில் சேர்ந்த எல்லோருக்கும் கருணாகரன் இங்கிலீஷ் பெயர் வைத்தார். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தேயிலை ஏலத்தில் கற்றுக்கொண்டார்.

குன்னூரில் ஒரு புரோக்கர் ஆபீஸில் அவர் நெடுநாள் குமாஸ்தாவாக இருந்தவர். சிறு விவசாயிகளிடம் இலை வாங்கி அரைக்கும் ஃபேக்டரிகள் தங்கள் தேயிலையை ஏலத்துக்கு அனுப்பும்போது ஒரு பெயர் போட்டு அனுப்ப வேண்டும். அதை மார்க் என்பார்கள். ஊர்ப் பெயரைப் போட்டால் ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்பது கருணாகரனின் சித்தாந்தம். டெய்ஸி மவுன்ட், பமீலா டவுன்ஸ், லோர்னா கிளென், எவலின் ஹில் என்று அவர் பெயர் வைத்தார். அப்படி ஒரு மலையும் இந்த ஜில்லாவில் கிடையாது. ஒரு வாரம் விலை போகாமல் திரும்பி வந்த தேயிலையை, மூட்டையைக்கூடப் பிரிக்காமல், வேறு பெயர் ஒட்டி மறு வாரம் அனுப்பச் சொல்வாராம். சில தடவை விற்றும் இருக்கிறது. அந்தச் சில தடவைகள்தான் அவருடைய மொத்தக் கல்வி.

பிறகு விலை விழுந்தது. டெய்ஸி மவுன்ட்டும் விழுந்தது, எவலின் ஹில்லும் விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று ஆட்கள் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய செடி மரமாகிப் பூத்தது. ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. புரோக்கர் ஆபீஸில் ஆள் குறைத்தபோது முதலில் போனவர் பெயர் வைக்கிறவர். அவர் பேக்கரி மாடியில் இரண்டு அறை பிடித்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தார். தேயிலை போனபின் மலையில் விற்பதற்கு மிச்சம் இருந்தது ஆட்கள்தான். அவர்களை ஓட்டலுக்கும் ரிசார்ட்டுக்கும் ஆஸ்பத்திரி வரவேற்பறைக்கும் அனுப்பலாம். அதற்கு இங்கிலீஷ் வேண்டும். எனக்கு எம்.ஏ. இங்கிலீஷ் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

என் மனைவி சுவாதி போய் ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. நான் வேலை தேடவில்லை. கருணாகரன் என் அப்பாவிடம் கேட்டார், அப்பா சரி என்றுவிட்டார், நான் போனேன்.

முதல் நாளே எனக்கும் பெயர் வைத்தார். முத்துராஜில் முத்தை வெட்டி எறிந்துவிட்டு மிஸ்டர் ராஜ் என்று கதவில் ஒட்டினார். ராஜ் என்றால் வெள்ளைக்காரனுக்கு நன்றாகத் தெரியும் என்றார். எந்த வெள்ளைக்காரன் அந்தப் படியேறி வரப் போகிறான் என்று நான் கேட்கவில்லை. அப்போது என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருப்பேன்.

மாணவர்களுக்கு வைத்த பெயர்கள் எல்லாம் பழைய மார்க்குகளின் மிச்சம். மூடிப்போன ஃபேக்டரிகளுக்கு இனி அவை தேவைப்படாது அல்லவா. அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஊக்கு குத்திக் கொடுப்பார். வகுப்புக்குள் அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மறந்து சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் அவர் அடுத்த அறையிலிருந்து இருமுவார்.

ஜெஸிந்தா என்று ஒரு பெண் இருந்தாள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அதையும் அவர் விடவில்லை. அது எஸ்டேட் கூலிகளின் லைன் வீட்டு இங்கிலீஷ் என்று சொல்லி ஜெனிஃபர் ஆக்கினார். அவள் அட்டையைக் குத்திக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“ஃபாதர் தண்ணி தெளிச்சு வெச்ச பேருடி. இவரு ஸ்கெட்ச் பேனாவால அழிச்சிட்டாரு. மேல போனா எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்களோ.”

நான் கருணாகரனிடம் ஒரு தடவை பேசிப் பார்த்தேன். இது தேவையில்லை சார் என்றேன். ஒரு பாஷையைக் கற்றுக்கொள்வதற்கு அவரவர் பெயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதில்லை, கோயில் வாசலில் செருப்பு விடுவது மாதிரி. ஜப்பான்காரன் வந்து தமிழ் படித்தால் அவனுக்கு மாரிமுத்து என்று பெயர் வைப்போமா?

அவர் டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்.

“ஏனுங்க ராஜ், விருந்தாளிக்குத் தண்ணி வேணுமுன்னா கூப்பிடணுமில்லீங்க? இசக்கியம்மான்னு அவன் வாய்ல வர்றதுக்குள்ள தாகமே அடங்கிப் போயிரும்.”

“கத்துக்கட்டும் சார்.”

“அவன் கத்துக்கறதுக்கு வரலீங்க. தங்கறதுக்கு வர்றான். காசு குடுக்கறவன் வாய்க்கு எது வசதியோ அதுதானுங்க பேரு.”

இதைச் சொல்லிவிட்டு ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் போல என்னைப் பார்த்தார். அவருடைய இன்னொரு வாதத்தில் கொஞ்சம் விஷயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொந்தப் பெயரில் தப்பாகப் பேசினால் வெட்கமாக இருக்கும், ஆல்பர்ட் தப்பாகப் பேசினால் அது ஆல்பர்ட்டின் வெட்கம் என்பார். அழகர்சாமி என்ற பையனிடம் இதைப் பார்த்தேன். அழகர்சாமியாக இருந்தவரை வாயைத் திறக்க மாட்டான். ஆல்பர்ட் ஆன மறு நாள் முதல் மூச்சு விடாமல் பேசினான். பேசியதில் ஒரு வாக்கியம்கூடச் சரியில்லை. முன்பு ஊமையாக இருந்த மடையன் இப்போது பேசுகிற மடையன் ஆகியிருந்தான். கருணாகரன் அதை முன்னேற்றம் என்றார்.

நான் எதிர்த்தது இவ்வளவுதான். அதற்குமேல் எனக்குத் தெம்பில்லை. டெய்ஸி என்று கூப்பிட்டேன், ஜெனிஃபர் என்று கூப்பிட்டேன். மாலையில் வீட்டுக்குப் போனால் அங்கே வேறு விதம். அங்கே ஒரு பெயரை யாருமே சொல்வதில்லை. ‘அது இருந்தப்ப வாங்கின குக்கர்’ என்பாள் அம்மா.

இசக்கியம்மாதான் டெய்ஸி.

மேலே ஒரு எஸ்டேட்டில் இருந்து வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். பிளஸ் டூ முடித்துவிட்டு அம்மாவோடு இலை பறித்தவள். எஸ்டேட் ஃபேக்டரி மூடிக் கிடந்தது, கூலி வந்து மாதக்கணக்காகிவிட்டது. அப்பா இல்லை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போக வாரா வாரம் ஒரு வேன் லைன் வாசலுக்கே வந்து நின்றது. அவள் வயதுப் பெண்கள் பாதிப் பேர் அதில் ஏறிப் போய்விட்டார்கள். ஏறினால் வருடத்துக்கு ஒரு தடவை திரும்பி வரலாம். அவளுக்கு மலையிலேயே ஒரு வேலை வேண்டும், வாரம் ஒரு நாள் வந்து அம்மாவைப் பார்க்கிற தூரத்தில். கேட்டது அவ்வளவுதான். அதற்குத்தான் டெய்ஸி.

டெய்ஸியை ஊட்டியில் ஒரு ஓட்டலுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தாள். கருணாகரன் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பமீலா என்று எழுதிக் கொடுத்தார். பமீலா ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வந்தாள். லோர்னா ஆனாள். லோர்னா டிராவல்ஸ் ஆபீஸ் ஒன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தாள். விலை போகாத மூட்டைக்குச் செய்ததை அவர் அப்படியே செய்துகொண்டிருந்தார், மூட்டை தன் காலால் படியேறி வந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

என்ன நடந்தது என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதேதான். உன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவள் யோசித்திருக்கிறாள். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் தயங்காதவள் அந்த ஒரு கேள்விக்கு, முதல் வகுப்புக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த கேள்விக்கு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தன் பெயர் தெரியாதவளை யார் வேலைக்கு எடுப்பார்கள்? தோற்றதால் புதுப் பெயர், புதுப் பெயரால் தோல்வி. கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. கருணாகரனிடம் சொன்னேன். சரியான மார்க் இன்னும் அமையவில்லை என்றார். நாலாவதாக எவலின் என்று எழுதினார். எவலின் ஹில் அந்தக் காலத்தில் நன்றாகப் போன சரக்காம்.

மசினகுடி ரிசார்ட் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. இந்தத் தடவை அவர்களே மாடிக்கு வருவார்கள். முந்தின நாள் வகுப்பு முடிந்தபின் அவளை நிறுத்தினேன். நாளைக்கு இந்த அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். சொந்தப் பெயருக்கு யோசிக்க வேண்டியதில்லை.

“எது சார் சொந்தப் பேரு?”

“இசக்கியம்மா.”

அது அவளுக்கு முதலில் வைத்த பெயர் இல்லையாம். பிறந்தபோது வைத்தது சசிகலா. மூன்று வயதில் வலிப்பு வந்து விழ ஆரம்பித்திருக்கிறாள். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. லைனுக்கு மேலே ஒரு மரத்தடியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிடிமண் கொண்டு வந்து வைத்த இசக்கியம்மன் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்ப் பிள்ளையை ஒரு படி தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, புதுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். சசிகலாவைத் தேடி வந்த நோய் அந்தப் பெயரில் ஆளைக் காணாமல் திரும்பிப் போய்விட்டது. அவள் இதை டைபாய்டுக்கு மாத்திரை சாப்பிட்ட கதை மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

“அதனால எனக்குப் பேரு மாத்தறது ஒண்ணும் புதுசு இல்ல சார். கருணாகரன் சார் மாத்தறதுதான் சரியில்ல. எழுதிக் குத்தி விட்டுடறாரு. குத்தி விட்டா ஒட்டுமா?”

“பேரை மாத்தினா எதுவும் மாறாது” என்றேன்.

“உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

தெரியும் என்றேன். அவள் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

எனக்குத் தெரிந்தது இதுதான். சுவாதிக்கு மூளைக்காய்ச்சல். கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. என் மாமியார் சுசீலா யாரிடமோ ஜாதகத்தைக் காட்டினார். பெயரின் எழுத்துக் கூட்டுத்தொகை சரியில்லை, அதுதான் ஆளைப் படுக்க வைத்திருக்கிறது என்று அவன் சொல்லியிருக்கிறான். தாரிணி என்று மாற்றச் சொன்னான். அவனுக்குப் பீஸ் கொடுத்திருக்கிறார்கள். நர்ஸிடம் கெஞ்சி உள்ளே போய், நெற்றியில் திருநீறு பூசி, காதருகே குனிந்து, தாரிணி, தாரிணி, தாரிணி என்று மாமியார் கூப்பிட்டார். மூன்று தரம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். பதில் சொல்லும் நிலையில் அவள் இல்லை என்பது நர்ஸுக்கும் தெரியும். மூன்றாவது தரத்துக்குப் பிறகு மாமியார் நிமிரவில்லை. குனிந்தபடியே நின்றார். நர்ஸ் தோளைத் தொட்டுத்தான் வெளியே கூட்டி வர வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு சுவாதி கண் திறக்கவில்லை. பேப்பரில் அறிவிப்புக் கொடுக்கும்போது எந்தப் பெயரைப் போடுவது என்று கேட்டார்கள். சுவாதி என்று போடச் சொன்னேன். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை.

மறு நாள் காலை மசினகுடியிலிருந்து ஜீப்பில் வந்தவர் மயில்சாமி. ரிசார்ட் மேனேஜர், கோயமுத்தூர்க்காரர். குளிருக்குக் குரங்குக் குல்லா போட்டிருந்தார், கழற்றவேயில்லை. பேக்கரிக்காரர் முன்பு மைதா மூட்டை அடுக்கி வைத்திருந்த பின்னறையில் அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தோம். கருணாகரன் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஏல ஹாலுக்குப் போகிற நாட்களில் போடுகிற கோட்டு.

என் வேலை வாசலில் நின்று கூப்பிடுவது. அதற்கும் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒவ்வொரு பெயரையும் மூன்று தரம் கூப்பிட வேண்டும், மூன்றுக்கும் ஆள் எழுந்து வராவிட்டால் அடுத்த பெயர். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பத்துப் பேர் ஒரே பெஞ்சில் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். கையை நீட்டினால் தொடலாம். அவர்களைக் கூப்பிடுவதற்கு இந்தக் கூத்து. அன்று காலை எல்லோர் முன்னாலும் இந்தச் சட்டத்தை அவர் இரண்டு முறை அறிவித்தார்.

ஆல்பர்ட் என்றேன். முதல் தரத்திலேயே குதித்து எழுந்து போனான். உள்ளே அவன் பேசியது வெளியே கேட்டது. பேசிக்கொண்டேயிருந்தான். மயில்சாமி தோட்டவேலைக்கு எடுத்துக்கொண்டார், அங்கே பேச்சுக்கு ஆள் இல்லை என்று காரணமும் சொன்னார். ஜெனிஃபர் என்றேன். ஜெஸிந்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு போனாள். கீழே பேக்கரியிலிருந்து ஒரு தட்டில் நாலு டீ எடுத்துக்கொண்டு அந்த மரப்படியில் ஏறி வரச் சொன்னார். பாதி டீ படியிலேயே போயிற்று. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

எவலின் என்றேன்.

இசக்கியம்மா பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னை நேராகப் பார்த்தாள். அசையவில்லை.

எவலின்.

கேட்ட அடையாளமே முகத்தில் இல்லை. உதடு இறுக்கி மூடியிருந்தது. கண் இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள். அதற்கும் அசைவில்லை.

மூன்றாவது தரம் என் வாயில் வரவில்லை. பதில் வராத ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு, யாரோ காசுக்கு வைத்த ஒரு பெயரை மூன்றாவது தரம் சொல்ல என்னால் முடியாது. அதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

“இசக்கியம்மா, உள்ள போங்க” என்றேன்.

அடுத்த அறையிலிருந்து இருமல் வந்தது. அவள் எழுந்தாள். எழுந்தபோது அவள் முகம் இருந்த விதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நான் அவளுக்கு ஒரு உபகாரம் செய்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தது, சமைத்து இறக்கி வைத்த சோற்றில் மண் போட்டவனைப் பார்ப்பது மாதிரி. உள்ளே போனாள்.

கதவு திறந்தே இருந்தது. மயில்சாமி பெயர் கேட்கவில்லை, முதலில் டீ எடுத்து வரச் சொன்னார். கொண்டு வந்தாள். மழையில் சறுக்குகிற சரிவில் இலை மூட்டையோடு இறங்கி ஏறினவளுக்கு அந்தப் படி ஒரு படியா. ஒரு சொட்டு சிந்தவில்லை. விருந்தாளி டீ ஆறிப் போச்சு என்று கத்தினால் என்ன சொல்வாய் என்று இங்கிலீஷில் கேட்டார். மன்னிக்கணும் சார், சூடாக வேறு கொண்டு வருகிறேன், அதுவரை இந்த ஜன்னல் வழியே மலையைப் பாருங்கள் என்று இங்கிலீஷிலேயே சொன்னாள். கடைசி வாக்கியம் நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. மயில்சாமி குல்லாவை மேலே தள்ளிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“உம்பட பேரென்ன கண்ணு?”

அவள் யோசிக்கவில்லை. இந்தத் தடவை பதில் தயாராக இருந்தது.

“இன்னும் வரலீங்க” என்றாள்.

மயில்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டுக்காரர் அவசரமாக நடுவில் புகுந்து எவலின் என்றார். மயில்சாமி அவரைக் கையமர்த்தினார்.

“ஏனுங்க கருணாகரன், எல்லாப் பக்கமும் பேரோட ஆளு அனுப்புவாங்க. நீங்க பேரே இல்லாம ஒரு புள்ளையக் கொண்டாந்து நிறுத்தியிருக்கறீங்க.” பிறகு அவளிடம் திரும்பினார். “நீ வா கண்ணு. உன்னைய எடுத்துக்கறேன். ஆனா சட்டையில குத்தறதுக்கு இன்னைக்கே பேரு போட்டாகணும். இந்த டீயக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள முடிவு பண்ணிட்டு வந்து சொல்லு. சொல்ல முடியலீன்னா அந்தப் படியில டீயக் கொட்டின புள்ளையவே கூட்டிட்டுப் போயிருவேன். எந்தப் பேரா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். அங்க ரூம்ல இருந்து உன்னைய ‘ஹலோ’ன்னுதான் கூப்புடப் போறாங்க.”

பெயர் வைப்பதைப் பற்றி அந்த மாடியில் யாராவது சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது. கருணாகரனுக்கு அது உறைத்ததா என்று பார்த்தேன். அவர் கோட்டுப் பையிலிருந்து ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் வெளியே வந்து நேராக என்னிடம் வந்தாள். படி ஆரம்பிக்கிற இடத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

“ஏன் சார் ரெண்டோட நிறுத்தினீங்க?”

“நீங்க எந்திரிக்கல.”

“மொத ரெண்டு தரத்துக்கு எந்திரிக்கக் கூடாது சார். வாயே தெறக்கக் கூடாது. பழைய பேர்ல எது கூட வருதோ அது போகட்டும்னு விட்டுடணும். மூணாவதுக்குப் பதில் குடுத்தாத்தான் பேரு ஒட்டும். எங்க அம்மா அப்படித்தான் கூப்பிட்டாங்க. மூணு தரம் கூப்பிடணும்னு கருணாகரன் சார் சொன்னதும், இந்தத் தடவையாவது ஒழுங்காச் செய்யறாங்களேன்னு நெனச்சேன்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்றாவது தரம் கூப்பிட்டுவிட்டு மாமியார் எதற்காக நிமிராமல் நின்றார் என்று இதுவரை நான் கேட்டதில்லை. முதல் இரண்டுக்கும் அவர் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை.

“இசக்கியம்மான்னே சொல்லுங்க” என்றேன். “அவருக்கு எதுவா இருந்தாலும் சரின்னுட்டாரு.”

“அவருக்குச் சரி. எனக்கு?” அவள் குரலை உயர்த்தவில்லை. “அந்தப் பேரு வலிப்புக்கு வெச்சது சார். அது அதோட வேலைய முடிச்சிருச்சு. அத வெச்சுக்கிட்டுத்தான் எஸ்டேட்டும் மூடுச்சு, அப்பாவும் போனாரு. இது வேற வேலைக்கு. எவலினோ கிவலினோ, எனக்கு என்ன வந்துச்சு? வெச்சா ஒழுங்கா வைக்கணும். இப்ப நான் அதுலயும் இல்ல, இதுலயும் இல்ல. பேரு கேட்டா எதச் சொல்ல?”

“கருணாகரனைக் கூப்பிடச் சொல்றேன்.”

“ஆரம்பிச்சவங்கதான் முடிக்கணும்.”

உள்ளே மயில்சாமி டீயை ஊதி ஊதிக் குடிக்கிற சத்தம் கேட்டது. நல்ல வேளையாக அது பேக்கரி டீ, கொதிக்கக் கொதிக்கத்தான் கொடுப்பார்கள். திருப்பூர் வேன் மறுபடி வரப் போகிற கிழமை எனக்கும் தெரியும்.

எனக்கு இதில் எள்ளளவும் நம்பிக்கை இல்லை என்று அவளிடம் சொன்னேன். கருணாகரனின் அட்டையிலும் இல்லை, மரத்தடித் தவிட்டிலும் இல்லை, ஜாதகம் பார்த்து எழுத்துக் கூட்டுகிறவனிடமும் இல்லை. மூன்றும் ஒரே பித்தலாட்டம். முதலாவதுக்குக் கோட்டு இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் இல்லை, அவ்வளவுதான்.

“உங்க நம்பிக்கைய யார் சார் கேட்டா?” என்றாள். “கூப்பிடத்தானே சொல்றேன்.”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெஸிந்தா கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பூசைக்கு வந்தவள் மாதிரி. கருணாகரன் பேனா மூடியைக் கழற்றியபடி வாசலில் நின்றார். இருமவில்லை.

அவள் இரண்டடி பின்னால் போய் நின்றாள். என் வாயைப் பார்த்தாள். உதடு இறுக மூடியிருந்தது. அதே முகம்.

நான் கூப்பிட்டேன். சத்தம் வந்ததா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. மூச்சுத்தான் வந்திருக்க வேண்டும்.

“எவலின்.”

“என்னங்க சார்” என்றாள்.

உடனே சொன்னாள். நான் வாயை மூடுவதற்கு முன்பே சொன்னாள். கூப்பிட்டால் ஆள் இப்படித்தான் பதில் சொல்லும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டவன் எதையாவது கேட்க வேண்டும், அல்லவா. என்னிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

“உள்ள போங்க” என்றேன். “டீ முடியப் போகுது.”